நிலக்கரியின் மூலக்கூறு அமைப்பை வேதிவினைகளால் அறிவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் எடுக்கிறேன். எம்.எஸ்ஸி மாணவர்கள் ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு கேட்டு வரும்போதும், பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு நடுவராகப் போகும்போதும் நிலக்கரியைப் பற்றி ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு, பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

1. நம்ம மாவட்டத்துல நிலக்கரியே கிடையாது. பின்ன நாம எதுக்கு இதப் படிக்கணும்?

கோதையாற்றில் நீர்மின்சாரம், ஆரல்வாய்மொழியிலும் முப்பந்தலிலும் காற்றாலை, மாவட்ட எல்லை தாண்டினால் கூடங்குளம். உண்மைதான், குமரி மாவட்டத்தில் கரிச்சுரங்கம் இல்லை. ஆனால் காற்று ஓய்ந்த மாதங்களில் நம் வீட்டு விளக்கு எரிவதில் தூத்துக்குடி அனல் மின் நிலையத்துக்கும் நெய்வேலிக்கும் பங்கு உண்டு. இரண்டிலும் எரிவது நிலக்கரி; தூத்துக்குடிக்குக் கப்பலில் வருகிறது, நெய்வேலியில் மண்ணுக்கடியிலிருந்தே பழுப்பு நிலக்கரியாக (லிக்னைட்) வெட்டி எடுக்கிறார்கள்.

மின்சாரக் கணக்கை விட்டுவிட்டாலும், வேதியியல் படிக்கிற பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. கரையாத, உருகாத, படிகமாகாத ஒரு கறுப்புப் பொருள். அதன் உள்ளே என்ன இருக்கிறது என்பதை, பாடப்புத்தகத்தில் படித்த சாதாரண வினைகளை வைத்தே வெளிக்கொண்டுவர வேண்டும். கரிம வேதியியலில் படித்தது எல்லாம் இங்கே வேலைக்கு வரும்.

2. நிலக்கரின்னா வெறும் கார்பன்தானே? அதுல என்ன கட்டமைப்பு?

வெறும் கார்பன் இல்லை. கார்பனோடு ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன், கந்தகம் எல்லாம் வேதிப்பிணைப்பில் இருக்கின்றன. மண்ணும் தாதுக்களும் தனியாகக் கலந்திருக்கின்றன. ஈரத்தையும் சாம்பலையும் கழித்துப் பார்த்தால் பழுப்பு நிலக்கரியில் கார்பன் ஏறக்குறைய 60 முதல் 75 விழுக்காடு, பிட்டுமினஸ் நிலக்கரியில் 75-க்கு மேல் 90 வரை, ஆந்த்ரசைட்டில் 92-க்கும் மேல். மண்ணுக்கடியில் வெப்பமும் அழுத்தமும் பட்டு முதிர முதிர ஆக்சிஜன் குறைந்து, பிறகு ஹைட்ரஜனும் குறைந்து, கார்பன் பங்கு கூடிக்கொண்டே போகும்.

பொதுவாக ஏற்கப்பட்ட சித்திரம் இது: ஒன்று முதல் நான்கைந்து பென்சீன் வளையங்கள் ஒட்டிய அரோமேட்டிக் கூட்டங்கள்; அவற்றை இணைக்கும் குட்டையான மெத்திலீன், எத்திலீன் பாலங்களும் ஈதர் பாலங்களும்; வளையத்தோடு ஒட்டி நிற்கும் நிறைவுற்ற வளையங்கள், மெத்தில் முதலான பக்கக் கிளைகள், ஃபீனால், கார்பாக்சில் தொகுதிகள். இந்த ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஏதோ ஒரு வினை இருக்கிறது. கீழே வருவது அந்த வினைகளின் கதை.

3. சிரட்டைக்கரியும் நிலக்கரியும் ஒண்ணுதானா?

இல்லை. சிரட்டைக்கரி சில மணி நேரத்தில், காற்று போதாமல் சிரட்டையைச் சுட்டு எடுப்பது. அந்த வெப்பத்தில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பெரும்பாலும் தாராகவும் புகையாகவும் போய்விடும். நிலக்கரி, அதைவிட மிகக் குறைந்த வெப்பத்தில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்து மாறியது. அதனால் தாவரத்தில் இருந்த இணைப்புகளில் ஒரு பகுதி மாறியும் மாறாமலும் அதில் மிஞ்சி இருக்கிறது. சிரட்டைக்கரியை எரிகாரத்தில் (சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில்) ஊறப்போட்டால் தண்ணீர் நிறம் மாறாது. நெய்வேலி லிக்னைட்டைப் போட்டால் கடுங்காப்பி நிறத்தில் இறங்கும். இது யாரும் செய்து பார்க்கக்கூடியது.

4. அதோட மூலக்கூறு வாய்பாடு என்ன சார்? ஒரே வரியில சொல்லுங்க.

ஒரே வரியில் சொல்ல முடியாது, ஏனென்றால் நிலக்கரி ஒரே சேர்மம் கிடையாது. ஒரே பாளத்தில் மரத்திலிருந்து வந்த விட்ரினைட், மகரந்தம், இலைமெழுகு, பிசின் வழி வந்த லிப்டினைட், பண்டைக் காட்டுத்தீயில் கருகிய மரத்திலிருந்து வந்த இனர்டினைட் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். மூன்றும் வேதியியலில் வேறுவேறு.

சராசரி மாதிரிகளை வரைந்திருக்கிறார்கள். 1984-ல் ஷின் வெளியிட்ட பிட்டுமினஸ் நிலக்கரி மாதிரியில் 661 கார்பன், 561 ஹைட்ரஜன், 74 ஆக்சிஜன், 6 கந்தகம், 4 நைட்ரஜன் அணுக்கள். மூலக்கூறு எடை 10,000-ஐத் தொடும். இப்படிப்பட்ட மாதிரிகள் 130-க்கும் மேல் வந்துவிட்டன. இவற்றை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை 17-ல் சொல்கிறேன்.

5. ஏதாவது கரைப்பான்ல கரைச்சு, ஒவ்வொண்ணா பிரிச்சுப் பாத்தா போதாதா?

குலசேகரம், திருவட்டாறு பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதற்குப் பதில் கையிலேயே இருக்கிறது. ஃபார்மிக் அமிலம் விட்டு உறைய வைத்து, ரோலரில் அடித்து, புகைபோட்ட ரப்பர் ஷீட்டில் ஒரு துண்டை டொலுவீனில் போடுங்கள். மெல்ல மெல்லக் கரைந்து கூழாகும். கந்தகம் சேர்த்து வெப்பப்படுத்திய ரப்பர் பேண்டைப் போடுங்கள். கரையாது, பல மடங்கு ஊதி நிற்கும், அவ்வளவுதான். சங்கிலிகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்பு விழுந்துவிட்டது. பிட்டுமினஸ் நிலக்கரி பிரிடினில் நடந்துகொள்வதும் இப்படித்தான். ஊதுகிறது, கொஞ்சம் கரைகிறது, மீதி அப்படியே நிற்கிறது. எவ்வளவு ஊதுகிறது என்பதை அளந்து குறுக்குப் பிணைப்பின் அடர்த்தியைக் கணக்கிடும் முறையையே ரப்பர் அறிவியலிலிருந்துதான் நிலக்கரிக்கு எடுத்துக்கொண்டார்கள்.

கார்பன் டைசல்ஃபைடையும் என்-மெத்தில் பிரோலிடினோனையும் கலந்து அறை வெப்பநிலையிலேயே சில பிட்டுமினஸ் நிலக்கரிகளில் பாதிக்கு மேல் கரைத்துக் காட்டினார்கள் ஜப்பானில், 1980-களில். ஆகவே எல்லாம் ஒரே வலை என்று அடித்துச் சொல்லவும் முடியாது. வலைக்குள் சிக்கிய சிறு மூலக்கூறுகளும், ஹைட்ரஜன் பிணைப்பாலும் வளையங்களின் ஈர்ப்பாலும் மட்டும் ஒட்டி நிற்கும் பகுதிகளும் இருக்கின்றன. ஆனால் கரைந்ததை வைத்துக் கரையாததைப் பற்றிப் பேசக் கூடாது. கரையாத மீதிக்குத்தான் வினைகள் தேவைப்படுகின்றன.

6. வினை செஞ்சா அது உடைஞ்சு போயிருமே. உடைஞ்ச பிறகு பழைய வடிவம் எப்படித் தெரியும்?

எந்தப் பிணைப்பில் உடையும் என்று முன்கூட்டியே தெரிந்த வினையாக இருந்தால் தெரியும். மறுபடியும் ரப்பரையே எடுங்கள். 1900-களின் தொடக்கத்தில் ஜெர்மானிய வேதியியலாளர் ஹாரீஸ், ரப்பரை ஓசோனோடு வினைப்படுத்தினார். ஓசோன் இரட்டைப் பிணைப்பை மட்டும் வெட்டும் என்பது தெரிந்த விஷயம். கிடைத்தது பெரும்பாலும் லெவுலினிக் ஆல்டிஹைடு என்ற ஒரே துண்டு. அப்படியென்றால் ஐசோப்ரீன் அலகுகள் தலையும் வாலுமாக ஒழுங்காகத் தொடர்ந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வழி பிறந்தது.

நிலக்கரியில் ஒரே துண்டு கிடைக்காது, நூற்றுக்கணக்கில் கிடைக்கும். ஆனாலும் தர்க்கம் அதேதான். மூன்று விஷயம் கையில் இருக்க வேண்டும்: வினை எந்தப் பிணைப்பைத் தொடும், எதைத் தொடாது, தொட்ட இடத்தில் என்ன அடையாளத்தை விட்டுவிட்டுப் போகும். இந்த மூன்றையும் அமைப்பு தெரிந்த சிறு மூலக்கூறுகளில் முதலில் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும். பின்னால் வரும் எல்லாப் பதில்களும் இந்த ஒரு நிபந்தனையில்தான் நிற்கின்றன. நிலக்கரி ஆய்வில் நடந்த பெரிய சறுக்கல் ஒன்றும் இதை மீறியதால் வந்தது (13-ஐப் பாருங்கள்).

7. முதல்ல என்ன வினை செஞ்சு பாத்தாங்க?

ஆக்சிஜனேற்றம். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் வில்லியம் போனும் அவர் குழுவும் 1920, 30-களில் நிலக்கரியைக் காரத்தன்மையுள்ள பெர்மாங்கனேட்டில் கொதிக்க வைத்தார்கள். நம் ஆய்வகத்தில் இருக்கும் அதே ஊதாப் பொடிதான். கார்பனில் ஒரு பங்கு கார்பன் டைஆக்சைடாகப் போனது. கொஞ்சம் ஆக்சாலிக் அமிலம். மீதியில் பெரும்பகுதி பென்சீன் கார்பாக்சிலிக் அமிலங்கள். நிலக்கரியின் முதிர்ச்சி கூடக்கூட இந்த அரோமேட்டிக் அமிலங்களின் பங்கும் கூடியது.

இதில் மெலிட்டிக் அமிலம் தனிக் கவனத்துக்குரியது. பென்சீன் வளையத்தின் ஆறு கார்பனிலும் ஆறு கார்பாக்சில். அதாவது மூலப்பொருளில் அந்த வளையத்தைச் சுற்றி ஆறு பக்கமும் கார்பனே இருந்திருக்கிறது. பெரிய வளையக் கூட்டத்தின் நடுவில் இருந்த வளையம் என்று கொள்ளலாம். மரக்கரியை நைட்ரிக் அமிலத்தில் ஆக்சிஜனேற்றினாலும் இது கிடைக்கும். இயற்கையிலேயே ஜெர்மனியின் பழுப்பு நிலக்கரிப் படிவுகளில் தேன் நிறத்தில் கிடைக்கும் ஒரு தாது, இதே அமிலத்தின் அலுமினிய உப்பு. அதிலிருந்துதான் 1799-ல் கிளாப்ரோத் இந்த அமிலத்தைக் கண்டார்.

குறை என்னவென்றால் பெர்மாங்கனேட் பக்கச் சங்கிலிகளையும் பாலங்களையும் வளையத்தின் ஓரம் வரை தின்றுவிடும். ஒரு வளையத்தில் நீண்ட சங்கிலி தொங்கினாலும் மெத்தில் தொங்கினாலும் கடைசியில் மிஞ்சுவது ஒரே கார்பாக்சில்தான். வளையங்களின் கணக்கு வரும், சங்கிலிகளின் கணக்கு தொலைந்துபோகும்.

8. அப்போ வளையத்தை அழிச்சிட்டு சங்கிலிய மட்டும் மிச்சம் வைக்க வழி இல்லையா?

இருக்கிறது, அதுவும் அழகான வழி. ருத்தீனியம் டெட்ராக்சைடு அரோமேட்டிக் வளையத்தைத் தேடிப்பிடித்து எரிக்கும். நிறைவுற்ற சங்கிலியைப் பெரும்பாலும் விட்டுவிடும். விலை உயர்ந்த ருத்தீனியத்தைச் சிட்டிகை அளவே போட்டு, சோடியம் பெர்அயோடேட்டை வைத்து அதைத் திரும்பத் திரும்ப உயிர்ப்பிக்கிறார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஸ்டாக்கும் டிசேயும் 1983-ல் இதை இல்லினாய் நிலக்கரியில் செய்தபோது, கூடவே அமைப்பு தெரிந்த ஹைட்ரோகார்பன்களிலும் செய்து பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். 6-ல் சொன்ன நிபந்தனைக்கு அது நல்ல உதாரணம்.

விடையைப் படிக்கும் விதம் இப்படி. வளையத்தில் சங்கிலி ஒட்டியிருந்த இடத்தில் வளையக் கார்பன் ஒன்று கார்பாக்சிலாக மாறிச் சங்கிலியோடு வந்துவிடும். ஆகவே மெத்தில் தொகுதி அசிட்டிக் அமிலமாக வரும், எத்தில் தொகுதி புரோப்பியோனிக் அமிலமாக வரும். இரண்டு வளையங்களை ஒரே மெத்திலீன் இணைத்திருந்தால் மலோனிக் அமிலம்; இரண்டு மெத்திலீன் இணைத்திருந்தால் சக்சினிக் அமிலம்; மூன்று என்றால் குளுட்டாரிக் அமிலம். கிடைத்த அமிலங்களை எஸ்டராக்கி வாயு நிறவரைவியில் ஓட்டினால் வரிசையாகப் பிரிந்து வரும். பெர்மாங்கனேட் மறைத்ததை இது காட்டும். இது அழிப்பதைப் பெர்மாங்கனேட் காட்டும்.

9. சக்சினிக் அமிலம் வந்தா எத்திலீன் பாலம் இருக்குன்னு அடிச்சுச் சொல்லலாமா?

கூடாது. 9,10-டைஹைட்ரோஃபீனான்த்ரீனை எழுதிப் பாருங்கள். இரண்டு வளையங்கள் நேரடியாகவும் ஒட்டியிருக்கின்றன, இரண்டு மெத்திலீனாலும் இணைந்திருக்கின்றன. அதுவும் சக்சினிக் அமிலமே தரும். ஆனால் அங்கே அந்த எத்திலீனை வெட்டினாலும் மூலக்கூறு இரண்டாகாது. வலையை இணைக்கும் பாலம் வேறு, வளையத்தின் ஒரு பக்கம் வேறு. இதேபோல இண்டேனும் மூன்று மெத்திலீன் பாலமும் குளுட்டாரிக் அமிலத்தைத் தரும். டெட்ரலினின் (ஒரு பென்சீன் வளையமும் ஒரு நிறைவுற்ற வளையமும் ஒட்டிய சேர்மம்) நிறைவுற்ற பகுதி அடிபிக் அமிலமாக வரும்.

பிரித்தறிய இன்னொரு வினை வேண்டும். உதாரணமாக 400 பாகை செல்சியஸ் பக்கம் டெட்ரலினில் சூடாக்கினால் பைபென்சைல் வகைப் பாலம் (இரண்டு வளையங்களை எத்திலீன் மட்டுமே இணைப்பது) நடுவில் அறுந்து துண்டுகள் பிரியும். டைஹைட்ரோஃபீனான்த்ரீன் அப்படிப் பிரியாது, ஹைட்ரஜனை இழந்து ஃபீனான்த்ரீனாகிவிடும். ஒரு வினை சொன்னதை இன்னொரு வினையிடம் கேட்டு உறுதிசெய்யாமல் நிலக்கரியில் எதையும் எழுதக் கூடாது. என் மாணவர்களிடம் நான் பிடிவாதம் பிடிப்பது இந்த ஒன்றில்தான்.

10. ஆக்சிஜன் எந்த வடிவுல இருக்குன்னு எங்க காலேஜ் லேப்லயே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், நன்றாகவே முடியும். கார்பாக்சிலுக்குக் கால்சியம் அசிட்டேட் முறை. லிக்னைட்டின் கார்பாக்சில் தொகுதி கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு, அந்த அளவுக்கு அசிட்டிக் அமிலத்தைக் கரைசலில் விடும். அதைச் சோடியம் ஹைட்ராக்சைடால் தரம்பார்த்தால் கணக்கு வந்துவிடும். ஃபீனால் பலவீனமான அமிலம் என்பதால் இதில் கலந்துகொள்ளாது.

கை வைக்கும்போது கவனிக்க வேண்டியவை: லிக்னைட்டில் கார்பாக்சில்கள் பல ஏற்கெனவே கால்சியம், மெக்னீசிய உப்பாகக் கிடக்கும். அதனால் பொடித்த மாதிரியை முதலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கலக்கி, வடிகட்டி, கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். கழுவிய நீரில் வெள்ளி நைட்ரேட் ஒரு சொட்டு விட்டு, பால்போல் கலங்காத வரைக்கும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் மிஞ்சிய அமிலம் முழுதும் கார்பாக்சிலாகக் கணக்கில் ஏறிவிடும். பிறகு கால்சியம் அசிட்டேட் கரைசலில் ஓர் இரவு முழுக்கக் குலுக்கி வடிகட்ட வேண்டும். வடிநீரில் இளம்பழுப்பு நிறம் இறங்கினால் ஃபினால்ஃப்தலீனின் இளஞ்சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, பி.எச் மீட்டர் வைத்துத் தரம்பாருங்கள். மாதிரி போடாத வெற்றுச் சோதனை ஒன்று கட்டாயம். கணக்குக்கு ஓர் உதாரணம்: 1 கிராம் உலர்ந்த மாதிரிக்கு 0.1 நார்மல் காரம் 22 மி.லி., வெற்றுச் சோதனைக்கு 2 மி.லி. என்றால் வித்தியாசம் 20 மி.லி., அதாவது கிராமுக்கு 2 மில்லிச்சமானம். கார்பாக்சிலின் எடை 45 என்பதால் 90 மி.கி., மாதிரியில் 9 விழுக்காடு.

ஃபீனாலுக்குப் பேரியம் ஹைட்ராக்சைடை மிகையாகச் சேர்த்து மொத்த அமிலத்தன்மையை எடுத்து, அதிலிருந்து கார்பாக்சிலைக் கழிக்கலாம். காற்றில் உள்ள கார்பன் டைஆக்சைடு பேரியத்தைக் கார்பனேட்டாக்கி முடிவைக் கெடுக்கும். மூடிய குடுவையும் நைட்ரஜனும் வேண்டும். பிரிடினில் அசிட்டிக் அன்ஹைட்ரைடு கொண்டு அசிட்டைலேற்றம் செய்வது இன்னொரு வழி. இரண்டும் ஒத்துப்போனால் நம்பலாம். பிட்டுமினஸ் நிலக்கரியில் கார்பாக்சில் ஏறக்குறைய இருக்காது, ஃபீனாலும் ஈதரும்தான். ஈதரை நேரடியாக எண்ண நல்ல வினை இல்லை. பெரும்பாலும் மொத்த ஆக்சிஜனிலிருந்து தெரிந்ததைக் கழித்து மிச்சத்தை ஈதர் என்கிறார்கள். மொத்த ஆக்சிஜனே நூறிலிருந்து மற்றதைக் கழித்து வந்த எண் என்றால், எல்லா அளவீடுகளின் பிழையும் அந்த ஈதர் எண்ணில் வந்து சேரும் என்பதை மறக்க வேண்டாம்.

11. மரத்திலிருந்து வந்ததுன்னு சொல்றீங்க. அதோட அடையாளம் ஏதாவது மிச்சம் இருக்குமா?

பழுப்பு நிலக்கரியில் இருக்கும். மரத்துக்கு உறுதி தரும் லிக்னினைக் காரத்தில் தாமிர ஆக்சைடோடு மூடிய கலத்தில் 170 பாகைக்குச் சூடாக்கினால் வனிலின், சிரிங்கால்டிஹைடு போன்றவை வெளிவரும். லிக்னைட்டில் இதைச் செய்தாலும் குறைந்த அளவில் வரும். ஊசியிலை மரம் பெரும்பாலும் வனிலின் வகையை மட்டும் தரும், பூக்கும் தாவர மரம் இரண்டையும் தரும். ஆகவே எந்த வகைக் காடு புதைந்தது என்றுகூட ஊகிக்கலாம். பிட்டுமினஸ் நிலைக்கு வரும்போது மெத்தாக்சில் தொகுதிகள் போய்விடுவதால் இந்த அடையாளம் அழிந்துவிடும்.

12. ஹைட்ரஜனை எண்ண முடியுமா? இந்தியால யாராவது செஞ்சிருக்காங்களா?

செய்திருக்கிறார்கள், உலகம் கவனித்த வேலை. தன்பாத் பக்கத்தில் இருந்த மத்திய எரிபொருள் ஆராய்ச்சி நிலையத்தில் மஜும்தார், லாகிரி ஆகியோர் 1950-களின் பிற்பகுதியிலும் 60-களிலும் நிலக்கரியைக் கந்தகத்தோடு சூடாக்கி ஹைட்ரஜனைப் பிடுங்கும் வினையை விரிவாக ஆராய்ந்தார்கள். அரோமேட்டிக் வளையத்தை ஒட்டி நிற்கும் நிறைவுற்ற வளையம், கந்தகத்துக்கு ஹைட்ரஜனைக் கொடுத்துத் தானும் அரோமேட்டிக்காக மாறிவிடும். வெளிவரும் ஹைட்ரஜன் சல்ஃபைடை அளந்தால் அப்படிப்பட்ட வளையங்களில் எவ்வளவு ஹைட்ரஜன் இருந்தது என்று கணக்கிடலாம். அந்த நிலையம் 2007-ல் சுரங்க ஆராய்ச்சி நிலையத்தோடு இணைக்கப்பட்டு இன்றும் தன்பாத்தில் நடக்கிறது.

இதற்கும் எல்லை உண்டு. கந்தகம் ஹைட்ரஜனை எடுப்பதோடு நிற்காமல் கார்பனோடும் ஒட்டிக்கொள்ளலாம். அதனால் பென்சோகுவினோன், பலேடியம் வினையூக்கி என்று வேறு முறைகளையும் மற்றவர்கள் கொண்டுவந்து ஒப்பிட்டார்கள்.

13. நிலக்கரியோட கட்டமைப்பு வைரம் மாதிரின்னு ஒரு பழைய பேப்பர்ல படிச்சேன். உண்மையா?

உண்மை இல்லை, ஆனால் எல்லாரும் படிக்க வேண்டிய விவாதம். 1970-களின் தொடக்கத்தில் கனடாவின் ஆல்பர்ட்டாவில் சக்ரவர்த்தியும் பெர்கோவிட்ஸும் நிலக்கரியைச் சோடியம் ஹைப்போகுளோரைட்டால் ஆக்சிஜனேற்றினார்கள். ஹைப்போகுளோரைட் நிறைவுற்ற கார்பன்களை மட்டும் தாக்கும், அரோமேட்டிக் வளையத்தைத் தொடாது என்பது அவர்கள் வைத்த அடிப்படை. நிலக்கரியின் பெரும்பகுதி வினைப்பட்டுவிட்டதால், அதில் அரோமேட்டிக் கார்பன் குறைவு, வைரத்தின் கட்டமைப்பில் ஒரு துண்டு போன்ற அடமாண்டேன் வகைக் கூண்டு வளையங்கள்தான் அதிகம் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

மற்றவர்கள் அதே வினையை அமைப்பு தெரிந்த சேர்மங்களில் செய்து பார்த்தபோது அடிப்படையே ஆட்டம் கண்டது. ஹைட்ராக்சில் போன்ற தொகுதிகள் ஏறிய அரோமேட்டிக் வளையங்களை ஹைப்போகுளோரைட் உடைக்கிறது. நிலக்கரியில் ஃபீனால் நிறைய இருக்கிறது. ஒரு முறை ஆக்சிஜனேற்றம் தொடங்கிவிட்டால் இன்னும் நிறைய உருவாகும். 1976-ல் வாண்டர்ஹார்ட்டும் ரெட்கோஃப்ஸ்கியும் திடநிலையிலேயே கார்பன்-13 என்.எம்.ஆர் (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு நிறமாலை) எடுத்து, கார்பனில் பெரும்பங்கு அரோமேட்டிக் என்று காட்டினார்கள்.

சோதனையில் கிடைத்த அளவீடுகளில் யாரும் குறை சொல்லவில்லை. வினை எதைத் தொடாது என்ற நம்பிக்கைதான் போதிய சோதனை இல்லாமல் நின்றது.

14. பொட்டாசியம் போட்டா நிலக்கரி கரைஞ்சிருமாமே?

அப்படிச் சொல்வது சுருக்கம், ஆனால் அடிப்படை சரி. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஸ்டெர்ன்பெர்க் குழு, டெட்ராஹைட்ரோஃப்யூரானில் பொட்டாசியமும் சிறிது நாஃப்தலீனும் சேர்த்து நிலக்கரிக்கு எலெக்ட்ரான்களை ஊட்டியது. எதிர்மின் அயனிகளான வளையங்களோடு எத்தில் அயோடைடு போன்றதைச் சேர்த்தபோது அல்கைல் தொகுதிகள் ஒட்டின. முன்பு பென்சீனில் கரையாத நிலக்கரி பெருமளவு கரைந்தது. வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி ஒட்டாமல் அல்கைல் தொகுதிகள் விலக்கிப் பிடித்தது ஒரு காரணம். ஈதர் பாலங்கள் அறுந்தது இன்னொரு காரணம். எது எவ்வளவு என்பதில் வெகுகாலம் சர்ச்சை இருந்தது. நாஃப்தலீனும் கரைப்பானுமே விளைபொருளில் ஒட்டிக்கொண்டு எடையைக் கூட்டிக் காட்டும் தொல்லையும் உண்டு. கார்பன்-13 அடையாளமிட்ட மெத்தில் அயோடைடைப் பயன்படுத்தி, ஆக்சிஜனில் ஒட்டியது எவ்வளவு, கார்பனில் ஒட்டியது எவ்வளவு என்று பின்னால் பிரித்துப் பார்த்தார்கள்.

பொட்டாசியம் ஈரம் பட்டால் தீப்பிடிக்கும். காற்றுப்புகா ஏற்பாடும் அனுபவமுள்ள மேற்பார்வையும் இல்லாத இடத்தில் இதை யோசிக்கவே வேண்டாம்.

15. இப்போதான் என்.எம்.ஆர் எல்லாம் வந்தாச்சே. இந்த வினைகள் இன்னும் எதுக்கு?

என்.எம்.ஆர் சராசரியைத் தரும். நூறு கார்பனில் எத்தனை அரோமேட்டிக் என்று சொல்லும். வளையங்களுக்கு நடுவில் உள்ள மெத்திலீனையும் வளையத்துக்குள் உள்ள மெத்திலீனையும் திடநிலையில் தெளிவாகப் பிரிக்காது, ஏனென்றால் முகடுகள் அகன்று ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். வழக்கமான திடநிலை முறையில் பக்கத்தில் ஹைட்ரஜன் இல்லாத கார்பன் குறைவாகவே எண்ணப்படும். ஆந்த்ரசைட் போன்ற முதிர்ந்த நிலக்கரியில் இது பெரிய குறை. வினைகள் தரும் துண்டுகளோ பெயர் சொல்லி அடையாளம் காணக்கூடிய மூலக்கூறுகள். இரண்டும் சேர்ந்து ஒரே திசையைக் காட்டும்போதுதான் எனக்குத் திருப்தி.

16. ஒரே நிலக்கரி, ரெண்டு லேப், ரெண்டு பதில். யாரை நம்புறது?

முதலில் அது ஒரே நிலக்கரிதானா என்று கேளுங்கள். வெட்டி எடுத்த நொடியிலிருந்தே நிலக்கரி காற்றில் ஆக்சிஜனேற்றம் ஆகத் தொடங்கும். பொடித்தால் இன்னும் வேகம். மேசை டிராயரில் பாலித்தீன் கவரில் ஒரு வருடம் கிடந்த மாதிரியும் புதிய மாதிரியும் வேறு பொருட்கள். அமெரிக்காவின் ஆர்கோன் ஆய்வகம் 1980-களில் 8 நிலக்கரிகளை நைட்ரஜனில் பொடித்துக் கண்ணாடிக் குப்பிகளில் உருக்கி அடைத்து, உலகெங்கும் கொடுத்தது இதற்காகத்தான்.

அடுத்தது தாதுக்கள். இந்தியாவின் கோண்ட்வானா நிலக்கரியில் சாம்பல் மிக அதிகம். களிமண்ணில் உள்ள நீர், கார்பனேட் எல்லாம் கரிமப் பகுதியின் கணக்கில் கலந்துவிடும். இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் தாது பெர்மாங்கனேட்டைத் தானே குடித்துத் தீர்க்கும். கந்தகக் கணக்கிலும் இதே கதை: ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சல்ஃபேட்டையும், நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் பைரைட்டையும் எடுத்துவிட்டு மிச்சத்தைக் கரிமக் கந்தகம் என்கிறோம். அஸ்ஸாம் நிலக்கரியில் அந்த மிச்சமே பெரும்பங்கு. தாதுக்களை முற்றிலும் நீக்க ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் வேண்டும். அது தோலில் பட்டால் எலும்பு வரை போகும். நம் கல்லூரி ஆய்வகங்களில் அதை வைத்திருக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

17. புத்தகத்துல போட்டிருக்கிற அந்தப் பெரிய மாதிரிப் படங்கள்ல எது சரி?

எதுவும் ஒரு மூலக்கூறின் படம் கிடையாது. பீட்டர் கிவன் 1960-ல் வரைந்தது, வைசர் 1970-களில் வரைந்தது, ஷின் 1984-ல் வரைந்தது எல்லாம் அந்தந்தக் காலத்தில் தெரிந்த எண்களைக் கூட்டிக் கட்டிய கூற்றுகள். ஷின் தன் மாதிரியை நிலக்கரியைத் திரவமாக்கும்போது கிடைத்த விளைபொருட்களிலிருந்து கட்டினார். ஆகவே திரவமாக்கலைப் பற்றிப் பேச அது நல்லது. வேறு வினையின் முடிவை அது சரியாகக் கணிக்குமா என்பதைத் தனியாகச் சோதிக்க வேண்டும். படத்தைப் பார்க்கும்போது எந்த நிலக்கரி, எந்த வினைகள், கார்பனில் எத்தனை பங்கு துண்டுகளாக அடையாளம் காணப்பட்டது என்ற மூன்றையும் தேடுங்கள். மூன்றாவது பல கட்டுரைகளில் பாதியைக்கூடத் தொடாது.

18. உரக்கடையில விக்கிற ஹியூமிக் அமிலத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா? எங்க வாழைக்கு ஊத்துறோம்.

உண்டு. 3-ல் சொன்ன காப்பி நிறக் கரைசல் அதுதான். பழுப்பு நிலக்கரியிலிருந்து காரத்தில் இறக்கி, அமிலம் விட்டால் கரும்பழுப்பாகப் படியும் பகுதியை ஹியூமிக் அமிலம் என்கிறோம். சந்தையில் வருவது பெரும்பாலும் அதன் பொட்டாசிய உப்பு. அதில் உள்ள கார்பாக்சில், ஃபீனால் தொகுதிகள்தான் உலோக அயனிகளைப் பிடித்துவைக்கின்றன. வாங்கிய பாட்டிலில் ஹியூமிக் அமிலம் இருக்கிறதா என்று பார்க்க, கொஞ்சம் எடுத்து நீரில் கலக்கி, ஹைட்ரோகுளோரிக் அமிலம் சொட்டுச் சொட்டாக விடுங்கள். திரிந்து படிய வேண்டும். படியாமல் கறுப்பாகவே நின்றால் வேறு எதையோ கலந்திருக்கலாம்.

19. இதுல ப்ராஜெக்ட்டுக்கு எதை எடுக்கலாம்? மூணு மாசம்தான் இருக்கு.

நெய்வேலி லிக்னைட்டை எடுத்து, 10-ல் சொன்ன கார்பாக்சில் அளவீட்டைச் செய்யுங்கள். அதே மாதிரியில் ஒரு பகுதியைத் தட்டில் பரப்பி 105 பாகை அடுப்பில் காற்றுபட வைத்து, வாரத்துக்கு ஒரு முறை எடுத்துத் திரும்ப அளந்து பாருங்கள். 16-ல் சொன்ன காற்று ஆக்சிஜனேற்றத்தை உங்கள் கையாலேயே எண்ணாக எடுப்பீர்கள். நேரம் மிஞ்சினால் சிரட்டைக்கரியையும் தூத்துக்குடிப் பக்கம் கிடைக்கும் பிட்டுமினஸ் நிலக்கரியையும் சேர்த்து, மூன்றிலும் எரிகாரத்தில் இறங்கும் பகுதியை ஒப்பிடலாம். இதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம்.

ஆனால் சாலிசிலிக் அமிலம், பென்சோயிக் அமிலம், ஃபீனால் மூன்றையும் முதலில் அதே முறையில் அளந்துவிட்டு வாருங்கள். முதல் இரண்டும் கார்பாக்சிலுக்குச் சரியான எண்ணும், ஃபீனால் சுழியும் தர வேண்டும். அந்த அட்டவணை அறிக்கையின் முதல் பக்கத்தில் இருக்கட்டும். வைவாவில் நான் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.